நோயாளியின் பாஷை

கள்ளக்குறிச்சிப் பக்கத்து மாமியார் ஒருத்தி மருமகளை ஓ.பி.க்கு அழைத்து வந்து, "முழுகாம இருக்குதுங்க" என்று சொன்னால், உள்ளூர் டாக்டர் கடைசியாக எப்போது தலைக்கு ஊற்றினாள் என்று தேதி கேட்பார். அகில இந்திய ஒதுக்கீட்டில் ராஜஸ்தானிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து சேர்ந்த மாணவர் அகராதியை நம்பினால், 'பல நாளாகக் குளிக்கவில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடக்கூடும். அந்தப் பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்பது அவருக்கு எட்டாது. கைக்குழந்தைக்கு "உரம் விழுந்துடுச்சு", மூன்று வயதுப் பையனுக்குக் "குடலேத்தம்", தாத்தாவுக்கு "நெஞ்சு கரிக்குது", பாட்டிக்குக் "கிறுகிறுன்னு வருது". தடித்தடியான மருத்துவப் பாடநூல்கள் எதிலும் இந்தச் சொற்கள் கிடையாது. ஆனால் நோய் முதலில் வாய் திறப்பது இவற்றில்தான்.

அந்நிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போஸ்டிங் வருகிற மருத்துவ மாணவரின் கதை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாக ஆட்கள் இரண்டு திசையிலும் கடல் தாண்டியிருக்கிறார்கள். வந்தவர்களும் போனவர்களும் விட்டுச்சென்ற குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால், அவர்கள் திணறிய இடம் பெரும்பாலும் ஒன்றே என்று தெரியும். கத்தியும் மருந்தும் கைவந்த பிறகும் கட்டிலில் கிடப்பவர் என்ன சொல்கிறார் என்பது பிடிபடாது.

மாணவனை நோயாளியின் கட்டிலருகே நிறுத்திப் பாடம் சொல்கிற வழக்கத்துக்கு ஐரோப்பாவில் பெரும் புகழ் தேடித் தந்த ஊர் ஹாலந்தின் லைடன். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெர்மன் போர்ஹாவ அங்கே ஆசிரியர். ஆறு ஆண்கள், ஆறு பெண்கள் என்று பன்னிரண்டே கட்டில்கள் கொண்ட சிறிய வார்டு அவருடையது. அதைப் பார்க்க ஐரோப்பா முழுவதிலுமிருந்து மாணவர்கள் வந்தார்கள். பாடம் லத்தீனில் நடந்தது. படுத்துக் கிடந்தவர்கள் பேசியது டச்சு. வெளிநாட்டு மாணவனுக்கு ஆசிரியரின் பேச்சு புரிந்தது, நோயாளியின் முனகல் புரியவில்லை. இன்றைக்குப் பிஷ்கெக்கிலும் தாஷ்கண்டிலும் ஆங்கிலத்தில் எம்.பி.பி.எஸ். படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் நிலையும் அதற்கு வெகு தூரமில்லை. அதைப் பிறகு பார்க்கலாம்.

தமிழகக் கரைக்கு மருத்துவப் பணிக்கென்றே ஐரோப்பிய மிஷன் அனுப்பிய முதல் ஆள் காஸ்பர் காட்லீப் ஷ்லெகல்மில்ஷ். 1730இல் தரங்கம்பாடியில் இறங்கினார். சில வாரங்களிலேயே சீதபேதி கண்டு இறந்துபோனார். வைத்தியம் பார்க்க வந்தவரை ஊர்த் தண்ணீரே முடித்துவிட்டது. அவருக்குப் பதிலாக 1732இல் வந்த சாமுவேல் பெஞ்சமின் க்னோல் தாக்குப்பிடித்து நெடுங்காலம் இருந்தார். இந்த இருவருக்கும் முன்பே, 1711இல், அதே தரங்கம்பாடியில் இருந்த குருண்ட்லர் என்ற பாதிரியார் தமிழ் வைத்தியச் சுவடிகளைக் கேட்டும் படித்தும் ஜெர்மன் மொழியில் ஒரு கைப்பிரதி எழுதி வைத்திருந்தார். டாக்டர் வருவதற்கு முன்னால் சொல் போய்ச் சேர்ந்த அபூர்வமான சந்தர்ப்பம் அது.

மொழியின் முடிச்சை முழுதாகப் பிடித்து அவிழ்க்கப் பார்த்தவர் என்றால் யாழ்ப்பாணத்து சாமுவேல் ஃபிஸ்க் கிரீனைத்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து உஸ்டர் நகரில் 1822இல் பிறந்தவர். நியூயார்க்கில் 1845இல் பட்டம் பெற்று, 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார். தொடக்கத்தில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்: ஆங்கிலத்தில் கற்றுக்கொடுத்தார். பையன்கள் கெட்டிக்காரர்கள், நன்றாகவே படித்தார்கள். படிப்பு முடிந்ததும் அரசாங்க வேலை தேடிப் புறப்பட்டார்கள். கிராமத்தில் தங்க ஆள் இல்லை. ஆங்கிலம் படித்தவனுக்குச் சம்பளம் வேறெங்கோ காத்திருந்தது. உடுப்பையும் நடையையும் மாற்றிக்கொண்டு சொந்த ஜனங்களுக்கே அவர்கள் அந்நியராவதும் கிரீனுக்குப் பிடிக்கவில்லை.

1864இல் அவர் எடுத்த முடிவு அந்தக் காலத்துக்கு மட்டுமல்ல, இந்தக் காலத்துக்கும் துணிச்சலானது. இனி மருத்துவம் தமிழில்தான் என்றார். புத்தகம் இல்லையே? எழுதுவோம். சொல் இல்லையே? தேடுவோம், இல்லாவிட்டால் ஆக்குவோம். பிரசவம் பற்றி 1857லேயே தமிழில் ஒரு நூல் வந்திருந்தது. 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று அடுத்தடுத்து வந்தன. அறுவை சிகிச்சை, உடற்கூறு, இரசாயனம் எல்லாவற்றையும் சேர்த்தால் தமிழில் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். அவரிடம் படித்து வெளியேறியவர்கள் அறுபதுக்கும் அதிகம். அவர்களில் பாதியளவு பேர் தமிழிலேயே படித்தவர்கள். இந்த நூல்களின் சொல்லாக்கத்தில் தமிழ் மாணவர்களின் கை பெரியது. அட்டையில் பேர் ஒருவருக்கு, உழைப்பு பலருக்கு என்பது பதிப்புலகில் அன்றும் வழக்கம்தான்.

உடல் நலம் குன்றி 1873இல் கிரீன் ஊர் திரும்பினார். அமெரிக்காவில் உட்கார்ந்தபடியே, 1884இல் சாகும்வரை, தமிழ்ப் பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று உஸ்டரில் உள்ள அவர் கல்லறை சொல்கிறது. அவர் தொடங்கிய தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நீடிக்கவில்லை. 'அங்காதிபாதம்' என்ற அழகான சொல்லை இன்று எத்தனை தமிழ் டாக்டர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

இதே காலத்தில் சென்னையிலிருந்து எதிர்த் திசையில் ஒரு பயணம் நடந்தது. 1835இல் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கி 1850இல் கல்லூரியான சென்னை மருத்துவக் கல்லூரியில், 1875இல் நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் மேரி ஷார்லிப், சென்னையில் வக்கீல் தொழில் பார்த்த ஆங்கிலேயரின் மனைவி. திரைக்குப் பின்னே வாழும் கோஷாப் பெண்கள் ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்துப் பிரசவத்தில் மடிவதைக் கேள்விப்பட்டுப் படிக்க வந்தவர். 1878இல் இங்கே தேறினார். பிறகு லண்டனில் படித்து 1882இல் பட்டம் பெற்றார். ஆனாலும் அறுவைப் பிரசவத்தில் பழக்கம் போதவில்லை. லண்டனில் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிடைக்காத காலம். எனவே வியன்னாவுக்குப் போய்க் குறுகிய காலம் கற்றுக்கொண்டு, 1883இல் சென்னை திரும்பினார். இரண்டு ஆண்டுகளில், 1885இல், சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான ஆஸ்பத்திரி சென்னையில் உருவானது. திருவல்லிக்கேணியில் இன்றைக்கும் ஜனங்கள் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே சொல்லும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை அதுதான். சென்னையின் பிரசவ வார்டில் வேண்டியிருந்த ஒரு கைத்திறனுக்காக லண்டன் வழியாக வியன்னா வரை போய் வரவேண்டியிருந்தது.

இனி தென்னார்க்காட்டுப் பக்கம் திரும்புவோம். கள்ளக்குறிச்சி அந்தக் காலத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு தாலுகா. தலைநகரம் கடலூர். 1993இல் விழுப்புரம் பிரிந்தபோது கள்ளக்குறிச்சியும் அதனோடு போனது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. பழைய தென்னார்க்காட்டின் இன்னொரு தாலுகா திண்டிவனம். தமிழ்நாட்டின் மிகப் பெயர்பெற்ற மருத்துவக் கல்லூரி ஒன்றின் கதை திண்டிவனத்தில், ஓர் இரவில் தொடங்குகிறது.

ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா ஜான் ஸ்கடர் இலங்கைக்கு வந்த முதல் அமெரிக்க மிஷன் டாக்டர். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் தொடங்கி, பின்னர் சென்னைக்கு வந்தார். குடும்பமே மிஷன் குடும்பம். ஐடாவுக்கோ அந்த வாழ்க்கையில் நாட்டமில்லை. 1890களின் தொடக்கத்தில், நோயுற்ற தாயைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் பிரசவ வேதனை. அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண். அவரை உள்ளே விட முடியாது என்றார்கள். ஐடா டாக்டர் அல்ல. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள்.

இந்தக் கதையை வேலூரில் எத்தனையோ விதமாகச் சொல்லிவிட்டார்கள், படமாகவும் வரைந்துவிட்டார்கள்.   ஐடா இந்த மண்ணில் பிறந்த பெண். அவரிடம் இல்லாதது மருத்துவம். அதற்காக அவர் அமெரிக்கா போனார். பிலடெல்ஃபியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மராட்டியப் பெண்ணான ஆனந்திபாய் ஜோஷி 1886இல் பட்டம் பெற்ற அதே கல்லூரி. பிறகு நியூயார்க்கில் புதிதாகத் தொடங்கிய கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி 1899இல் தேறினார். 1900இல் வேலூர் வந்தார். சில மாதங்களில் தகப்பனார் இறந்துபோக, கற்றுக்கொடுக்க மூத்தவர் இல்லாமல் தனியே நின்றார். பங்களாவின் சின்ன அறைதான் ஓ.பி. இரண்டு ஆண்டுகளில் ஐயாயிரம் நோயாளிகளைப் பார்த்தார் என்பது கணக்கு. 1902இல் ஆஸ்பத்திரி எழுந்தது.

1918இல் அவர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்க அனுமதி கேட்டபோது, ஆறு பேர் சேர்ந்தால் தொடங்குங்கள் என்றார் சென்னை மாகாணத்தின் சர்ஜன் ஜெனரல் பிரைசன். விண்ணப்பங்கள் 151 வந்தன. முதல் ஆண்டுத் தேர்வில் பெண்கள் தேறுவார்கள் என்று பிரைசன் எதிர்பார்க்கவில்லை. எழுதிய 14 பெண்களும் தேறினார்கள், ஆண்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார் என்று வேலூரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அமெரிக்கா போய்க் கற்றுவர வேண்டியிருந்ததை உள்ளூர்ப் பெண் உள்ளூரிலேயே கற்கலாம் என்றானது அப்போதிருந்து. இன்று திசை தலைகீழ். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் படிக்கும் மாணவர்கள் ஆறு, எட்டு வாரப் போஸ்டிங்குக்கு வேலூரைத் தேடி வருகிறார்கள்.

தென்னார்க்காட்டுக்கு டென்மார்க்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1860களில் டேனிஷ் மிஷன் பண்ருட்டிக்கு அருகே மேல்பட்டாம்பாக்கத்தில் காலூன்றி, அங்கிருந்து திருக்கோவிலூருக்கும் கள்ளக்குறிச்சிப் பக்கமும் நகர்ந்தது. திருக்கோவிலூரின் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரி சுற்றுவட்டாரத்தில் நன்கு அறியப்பட்ட பெயர். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்ட எல்லைக்குள் கோபன்ஹேகனின் நினைவு ஏதாவது மிச்சமிருக்கிறது என்றால் அது அங்கேதான்.

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. கள்ளக்குறிச்சியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் உள்ள புதுச்சேரி, 1954 நவம்பர் வரை நடைமுறையில் வெளிநாடு. பிரெஞ்சு அரசு 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைய ஜிப்மரின் பூர்விகம். இன்று கள்ளக்குறிச்சிக்காரர் "ஜிப்மருக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறும் இடம், அவருடைய தாத்தா காலத்தில் பிரான்ஸ்.

போனவர்கள் பக்கம் இருவரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. ஸ்ரீரங்கத்து டி.எஸ்.எஸ். ராஜன் சென்னை ராயபுரத்தில் மருத்துவம் படித்து, ரங்கூனில் வேலை பார்த்து, 1907இல் லண்டன் போனார். 1911இல் எம்.ஆர்.சி.எஸ். பெற்றார். படிப்போடு வ.வே.சு. ஐயரின் நட்பும் இந்தியா ஹவுஸ் அரசியலும் சேர்ந்துகொண்டன. 1909இல் லண்டன் இந்தியர்கள் நடத்திய விஜயதசமி விருந்துக்குச் சமையல் செய்த கோஷ்டியில் ராஜனும் இருந்தார். ஒல்லியான ஒருவர் வந்து காய் நறுக்குவதிலும் பாத்திரம் கழுவுவதிலும் கலந்துகொண்டார். யாரென்று ராஜனுக்குத் தெரியவில்லை. விருந்துக்குத் தலைமை தாங்க வந்த காந்தி அவர்தான் என்று ஐயர் சொன்ன பிறகே புரிந்தது. அயல்நாட்டில் மருத்துவம் படிக்கப் போனவனுக்கு வார்டு மட்டுமே வாழ்க்கை அல்ல, அடுப்படியும் உண்டு. ரஷ்யாவில் ஹாஸ்டல் அறையில் குக்கர் வைத்துச் சாம்பார் கொதிக்கவிடும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொருவர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னையில் பட்டம் பெற்றவர். தங்கை புற்றுநோயில் துடித்து இறந்ததைக் கூடவே இருந்து பார்த்தார். 1925இல் அரசு உதவியோடு, கணவரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு லண்டன் போனார். பெண்கள், குழந்தைகள் நோய்களுக்கான மேற்பயிற்சிதான் காரணம். ஆனால் அங்கே புற்றுநோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி நடப்பதையும் பார்த்து வந்தார். பார்த்து வந்தது அடையாறில் கட்டடமாக எழுவதற்கு 1954 ஆயிற்று. இடையில் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள். வெளிநாட்டுப் போஸ்டிங்கின் பலன் சான்றிதழ் வாங்கிய மறுநாளே தெரிந்துவிடாது என்பதற்கு இந்த முப்பதாண்டு நல்ல கணக்கு.

இனி மலைக்கு வருவோம்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி ஏறினால் கல்வராயன் மலை. மலை கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் கிடக்கிறது. பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என்று இரண்டு பகுதி. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலைத் தாலுகாவுக்குத் தலைமையிடம் வெள்ளிமலை. இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பேருக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் மலையாளி, தாய்மொழி தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் மலை வெகுகாலம் கிடந்தது. நாடு 1947இல் விடுதலை பெற்றது. ஜாகீர் ஒழிந்து மலை அரசின் கைக்கு வந்தது 1976இல்தான். இடைப்பட்ட இருபத்தொன்பது ஆண்டுகளில் கீழே ஆரம்ப சுகாதார நிலையங்களும் தாலுகா ஆஸ்பத்திரிகளும் முளைத்துக்கொண்டிருந்தன. மேலே வைத்தியம் என்றால் பச்சிலையும், பூசாரியும், கீழே தூக்கிக்கொண்டு போகும் தூளியும்.

தூளி கட்டித் தூக்கிவருகிறவர்களுக்குக் கள்ளக்குறிச்சி ஜி.எச்.சும் அயல்நாடுதான். ஓ.பி. சீட்டு எங்கே வாங்குவது, எந்த வரிசையில் நிற்பது, நர்ஸம்மா ஏன் சத்தம் போடுகிறார் என்று தெரியாமல் தாழ்வாரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் மலைக் குடும்பத்தை மாவட்ட ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த யாரும் பார்த்திருப்பார்கள். பேசுவது தமிழ்தான். இருந்தும் கேட்பவரின் அவசரத்துக்கும் சொல்பவரின் தயக்கத்துக்கும் நடுவே பாதி சேதி விழுந்துவிடுகிறது.

மலையின் மறுபக்கச் சரிவில் நடந்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில், தருமபுரி மாவட்டத்து அரூர் தாலுகாவில் இருக்கிறது சிட்லிங்கி. 1993இல் அங்கே இரண்டு டாக்டர்கள் வந்து குடிசை போட்டார்கள். ரெஜி ஜார்ஜ் மயக்க மருந்து நிபுணர், அவர் மனைவி லலிதா மகப்பேறு மருத்துவர். இருவரும் கேரளத்தில் படித்து, காந்திகிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள். ஆக, கேரளத்து மலையாளிகள் மலையாளிகளிடம் வந்து சேர்ந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் ஐம்பது கிலோமீட்டர் போகவேண்டிய பள்ளத்தாக்கு. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 ஓராண்டுக்குள் இறந்துகொண்டிருந்தன என்பது அவர்கள் வந்தபோது எடுத்த கணக்கு. சில ஆண்டுகளில் அது இருபதுக்குப் பக்கமாக இறங்கியது.

எப்படி இறங்கியது? புதிய மருந்து ஏதும் கண்டுபிடிக்கப்படவில்லை. அந்த ஊர்ப் பெண்களையே நர்ஸாகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தார்கள். பள்ளிக்கூடம் அதிகம் போகாத பெண்கள் பிரசவம் பார்க்கவும், குழந்தையின் எடை பார்க்கவும், எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று தீர்மானிக்கவும் கற்றுக்கொண்டார்கள். "முழுகாம இருக்கு" என்று சொன்னால் அவர்களுக்கு அகராதி வேண்டாம். சொல்ல வெட்கப்பட்டு வாசலிலேயே நிற்பவள் எதற்காக நிற்கிறாள் என்பதும் தெரியும். கிரீன் 1864இல் கண்ட வழியேதான். அவர் புத்தகத்தை ஜனங்களின் மொழிக்குக் கொண்டுவந்தார், இவர்கள் அந்த ஜனங்களையே வார்டுக்குள் கொண்டுவந்தார்கள். வெளியூர்களிலிருந்து இளம் மருத்துவர்களும் மாணவர்களும் பயிற்சிக்காகச் சிட்லிங்கிக்கு வந்து போகிறார்கள். வந்தவர்களுக்கு இந்த நர்ஸ்கள்தான் முதல் வாத்தியார்.

சமவெளியில் கள்ளக்குறிச்சிக்குச் சொந்தமாக ஒரு மருத்துவக் கல்லூரி வருவதற்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சிறுவங்கூரில் உள்ளதும் ஒன்று. ஆண்டுக்கு 150 இடங்கள். அதற்கு முன் இந்தப் பக்கத்துப் பிள்ளை டாக்டராக வேண்டுமென்றால் முண்டியம்பாக்கமோ சேலமோ சென்னையோ போகவேண்டும். அரசு இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வாசல் வெளிநாடு. உள்நாட்டுத் தனியார் கல்லூரியின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் ரஷ்யா, உக்ரைன், பிலிப்பைன்ஸ், கிர்கிஸ்தான் மலிவு என்பது நடுத்தரக் குடும்பத்தின் மனக்கணக்கு. அந்தக் கணக்கை நம்பி நிலத்தை அடகு வைத்தவர்களும் உண்டு.

சிறுவங்கூர் கல்லூரி திறந்து ஏழு வாரம்கூட முடியாத நிலையில் உக்ரைனில் போர் மூண்டது. தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்த மாணவர்கள் ஏறக்குறைய 1,900 பேர். பாதியில் நின்ற படிப்பை எங்கே தொடர்வது என்று அவர்களும் பெற்றோரும் அலைந்தது அண்மைச் சேதி. அதற்குச் சில மாதங்கள் முன்னதாக, 2021 நவம்பரில், தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதி கொண்டுவந்திருந்தது: வெளிநாட்டில் குறைந்தது 54 மாதம் படிக்க வேண்டும், படித்த இடத்திலேயே 12 மாதம் ஹவுஸ் சர்ஜனாக இருக்க வேண்டும், ஊர் திரும்பிய பின் இங்கே இன்னொரு 12 மாதம். படிப்பு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பதும் விதி. நோயாளியின் மொழி பற்றி விதி எழுதியவர்கள் எவ்வளவு யோசித்தார்களோ! ஆங்கிலத்தில் பாடம் கேட்டுவிட்டு, ரஷ்ய மொழி பேசும் கிழவியின் கட்டிலருகே போய் நிற்கும் மாணவனுக்கு நாடி கிடைக்கும், வரலாறு கிடைக்காது. நோயின் வரலாற்றைக் கேட்டு வாங்குவதுதான் மருத்துவத்தில் பாதி என்று எல்லாப் பேராசிரியர்களும் முதல் நாள் வார்டில் சொல்வார்கள்.

அந்தப் பாதி எவ்வளவு கனமானது என்பதைச் சிறுவங்கூரின் இளம் கல்லூரி வெகு சீக்கிரம் பார்த்துவிட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நோயாளிகள் கள்ளக்குறிச்சியிலும் சேலத்திலும் விழுப்புரத்திலும் ஜிப்மரிலும் கிடந்தார்கள். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். "கண்ணு மங்கலா தெரியுது" என்று ஒருவர் சொன்னால் அது களைப்பா, மூப்பா, விஷமா? என்ன குடித்தாய், எப்போது குடித்தாய் என்று பயமுறுத்தாமல் கேட்டு வாங்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். போலீஸ் வரும் என்று பயந்து குடித்ததையே மறைப்பவர்களிடம் அது லேசில் வராது. அந்தச் சாவுகளை அடுத்துத்தான், கல்வராயன் மலை மக்களுக்குச் சாலையும் வைத்தியமும் ஏன் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது.

2019இலிருந்து எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தின் தொடக்கத்தில் அறிமுகப் பயிற்சி உண்டு. அதில் உள்ளூர் மொழிக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் வெளிமாநில மாணவருக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் 'உங்கள் பெயர் என்ன, எங்கே வலிக்கிறது' அளவுத் தமிழ். சென்னையில் பிறந்து ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைக்கும் வெள்ளிமலைக் கிழவர் சொல்வதில் பாதி விளங்காது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்த பிறகு, கிராமத்துச் சொல் காதில் விழுந்து வளர்ந்த பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள். இந்த வேலையில் அவர்கள்தான் மற்றவர்களுக்கு ஆசிரியர்கள்.

சிறுவங்கூரின் பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வார்டில் ஒரு நோட்டு வையுங்கள். உரம், குடலேற்றம், மாந்தம், நீர்க்கடுப்பு, குடைச்சல் என்று கேட்கும் ஒவ்வொரு சொல்லையும், யார் சொன்னார், எந்த ஊர்க்காரர், கடைசியில் என்ன நோய் என்று தெரிந்தது என்பதோடு எழுதுங்கள். மலைக்காரர் சொல்லைத் தனியாகக் குறியுங்கள். நான்கைந்து பேட்ச் கடந்தால் அது ஒரு சிறு நூல் ஆகும். அடுத்து வருகிற ராஜஸ்தான் பையனின் கையில் கொடுக்கலாம். கிரீனும் அவருடைய மாணவர்களும் மானிப்பாயில் மின்சாரம் இல்லாத காலத்தில் நாலாயிரம் பக்கம் எழுதினார்கள். உங்களுக்கு நூறு பக்கம் போதும்.